அலங்காரக் கணக்கில் ஐந்து பேர்

என் தங்கை மகளின் கல்யாண வீடியோ நான்கு நிமிடம் ஓடுகிறது. அதில் நாகசுர வித்துவான் மூன்று நொடி வருகிறார். கன்னம் உப்பியிருக்கிறது, விரல்கள் ஓடுகின்றன, பக்கத்தில் தவில்காரரின் தலை ஆடுகிறது. ஆனால் காதில் விழுவது ஒரு சினிமாப் பாட்டு. அந்த மூன்று நொடியில் அவர் என்ன வாசித்துக்கொண்டிருந்தார் என்று வீடியோவைப் பார்க்கிற யாராலும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும். நான் அவருக்கு நாலடி தள்ளி நின்றிருந்தேன். அவர் வாசித்தது கல்யாணி ராகம்.

வீடியோ வந்த அன்று இரவே கல்யாணக் கணக்கு நோட்டைத் திரும்ப எடுத்தேன். முப்பது ஆண்டுகளாகப் பெங்களூரில் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். அந்தக் கல்யாணத்தின் வரவு செலவும் என் பொறுப்பில்தான் இருந்தது. கணக்கு சரியாகத்தான் முடிந்திருந்தது, ஒரு ரூபாய் இடிக்கவில்லை. ஆனாலும் அந்த மூன்று நொடி மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த சில வாரங்களில் ரசீதுகளைத் திரும்பப் படித்தேன், வாசித்தவர்களைத் தேடிப் போய்ப் பேசினேன், ஏற்பாடு செய்த நிறுவனத்தின் மேற்பார்வையாளரிடமும் பேசினேன். கிடைத்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

வந்தவர்கள்

வித்துவானுக்கு 62 வயது. சொந்த ஊர் திருவாரூர்ப் பக்கம். பெங்களூருக்கு வந்து 34 ஆண்டுகள் ஆகின்றன. அல்சூரில் இரண்டு அறை வாடகை வீடு. பழைய ஆட்கள் தண்டு என்று சொல்லும் இந்தப் பகுதியில், பிரிட்டிஷ் படையோடும் வணிகத்தோடும் தமிழர்கள் வந்து குடியேறி இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. குடி வந்த இடத்தில் கோயிலும் கல்யாணமும் இருக்கும். அவை இருந்தால் மேளம் வேண்டும். இவர்களைக் கன்னட வீடுகளிலும் அழைப்பார்கள். அங்கே இதற்கு ஓலக என்று பெயர். தாலி கட்டும் நேரத்தில் நாம் கெட்டிமேளம் என்பதை அவர்கள் கட்டிமேள என்பார்கள். மொழி மாறினாலும் விரலை உயர்த்திச் சொல்கிற அந்தப் பெரியவரின் அவசரம் ஒன்றுதான்.

ஒரு செட் என்றால் ஐந்து பேர். நாயனம் என்றும் சொல்கிற நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு, தாளத்துக்கும் சுருதிப் பெட்டிக்கும் ஒருவர். முன்பு சுருதிக்கு ஒத்து ஊதத் தனியாக ஒருவர் இருந்தார். ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அவர் வேலை. சுருதிப் பெட்டி வந்ததும் இந்தத் தொழிலில் முதலில் வேலை இழந்தவர் அவர்தான்.

இரண்டாம் தவில் வாசிப்பவர் 26 வயதுப் பையன். மற்ற நாட்களில் ஸ்கூட்டரில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறான். முகூர்த்த நாள் பார்த்து விடுப்பு எடுத்தால் அந்த வாரத்து ஊக்கத்தொகை போய்விடும் என்று சொன்னான். வலது கை விரல்களில் மாட்டும் கூடுகளை அவன் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறான். துணியைச் சுற்றிப் பசை தடவிக் காயவைத்துச் செய்வது. காய்ந்தால் கல் மாதிரி இருக்கும். வாசித்து முடித்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எந்த விரலுக்கு என்று பார்த்துத் துடைத்து, டப்பாவுக்குள் வரிசையாக வைத்தான். அந்த விரல்களின் நுனியில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

வித்துவானின் நாயனம் நரசிங்கம்பேட்டையில் கடைந்தது. ஆச்சா மரம். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற, பல ஆண்டுகள் காய்ந்து இறுகிய உத்திரங்களைத்தான் இதற்குத் தேடி எடுப்பார்கள். நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் செய்தியை நாளிதழிலிருந்து வெட்டி மடித்து நாயன உறைக்குள் வைத்திருக்கிறார். கருவியில் விரல் வைக்கும் துளைகள் ஏழுதான். கீழே இருக்கிற மற்றத் துளைகளை மெழுகு வைத்து அடைத்துச் சுருதியைச் சரி செய்கிறார்கள். இந்த ஏழு துளைக்குள் அடங்காத நுட்பமெல்லாம், சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்தின் ஒவ்வொரு அசைவும், உதட்டிலும் மூச்சிலும்தான் பிறக்க வேண்டும். ஊதும் முனையில் செருகிய நாணல் சீவாளியை உதடு எவ்வளவு அழுத்துகிறது என்பதில் ஒரு மயிரிழை பிசகினாலும் சுரம் நழுவிவிடும். பன்னிரண்டு வயதில் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் குருவின் வீட்டிலேயே தங்கிக் கற்றதாகச் சொன்னார்.

மாலையும் காலையும்

கல்யாணம் வைகாசியில். முந்தைய நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் முகூர்த்தம். மண்டபம், சாப்பாடு தவிர மற்றதையெல்லாம் ஒரு ஏற்பாட்டு நிறுவனத்திடம் விட்டிருந்தோம்.

மேளக்காரர்களை மாலை மூன்றரைக்கே வரச் சொன்னார்கள். உட்கார இடம் கொடுத்தது பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில். நிறுவனத்தின் நேர அட்டவணையில் 6.10 முதல் 6.30 வரை நாகசுரம் என்று போட்டிருந்தது. சரியாக 6.10-க்குத் தொடங்கினார்கள். நாட்டை ராகத்தில் ஒரு கீர்த்தனை. பிறகு கல்யாணியை எடுத்தார். நான்கு பிரயோகம் வாசித்துவிட்டு நிறுத்தி, சீவாளியைக் கழற்றி நாக்கில் வைத்து ஈரப்படுத்தி, திரும்பப் பொருத்தினார். குளிர்சாதனக் காற்றில் சீவாளி சீக்கிரம் உலர்ந்துவிடுகிறதாம். இரண்டாவது முறை எடுத்தபோது ராகம் பிடிபட்டுவிட்டது. மேல் சட்ஜ சுரத்தை நோக்கி மெதுவாகப் படியேறிக்கொண்டிருந்தார். தவில்காரர் இன்னும் கை வைக்காமல், கண்ணை மூடி, அவர் எங்கே போய் நிற்பார் என்று காத்திருந்தார்.

அப்போதுதான் காதில் கருவி மாட்டிய ஓர் இளைஞன் அவர் முகத்துக்கு முன்னால் கையை நீட்டினான். மணமக்கள் நுழைவு முன்கூட்டியே தொடங்குகிறது, உடனே நிறுத்த வேண்டும் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான், மன்னிப்பும் கேட்டான். கடிகாரத்தைக் காப்பது அவன் வேலை. விளக்கு அணைந்தது, புகை வந்தது, பொறி பறந்தது, ஒலிபெருக்கியில் பாட்டு அதிர்ந்தது. வித்துவான் நாயனத்தை உதட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஏறத் தொடங்கிய சட்ஜம் அப்படியே நின்றது. திரும்பக் கூப்பிடுவார்கள் என்று ஐவரும் ஒன்பது மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை, பந்தியில் இலைக் கணக்கைப் பார்க்கப் போய்விட்டேன். எனக்கு உறுத்தத்தான் செய்தது. உறுத்தியும் போய்விட்டேன் என்பதை இங்கே எழுதாவிட்டால் இந்த ஆய்வுக்கு நேர்மை இல்லை.

காலையில் நடந்தது இன்னும் மோசம். மணவறைக்குப் பின்னால் பன்னிரண்டு அடி உயரத்துக்குப் பூச்சுவர் எழுப்பியிருந்தார்கள். மேளக்காரர்களை அதற்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டார்கள். படத்தில் மறைப்பார்கள் என்பது காரணம். தாலி கட்டும் நொடியில் காதில் வேண்டாத சத்தம் எதுவும், ஒரு தும்மலோ அழுகையோ அபசகுனமான சொல்லோ, விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கெட்டிமேளம். அதற்கு மேளக்காரர் மணமகனின் கையைப் பார்க்க வேண்டும், அல்லது பெரியவரின் விரலையாவது பார்க்க வேண்டும். இவர்களுக்குத் தெரிந்தது பூச்சுவரின் பின்பக்கக் கம்பிகள் மட்டும்.

வீடியோவில் ஒலி சுத்தமாக இருக்க வேண்டும் என்று பதிவு செய்த கெட்டிமேளம் ஒன்றையும் நிறுவனத்தார் வைத்திருந்தார்கள். ஒளிப்பதிவாளர் சைகை காட்டியதும் ஒலிபெருக்கியில் அது தொடங்கியது. அதைக் கேட்டுத்தான் தாலி கட்டுகிறார்கள் என்று பின்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. இரண்டு நொடி தாமதமாக உயிருள்ள மேளம் எழுந்தது. இரண்டு தாளமும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டன. முன்வரிசையில் இருந்த என் அம்மா, 81 வயது, அட்சதை போட உயர்த்திய கையைப் பாதியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"என்னப்பா, மேளம் இரண்டாகக் கேட்கிறது?"

நோட்டில் இருந்தது, இல்லாதது

கல்யாணத்தின் மொத்தச் செலவு 21 லட்சம் ரூபாய். நிறுவனத்தின் பட்டியலில் 31 வரிகள். நாகசுரத்தைத் தேடினேன், இசை என்ற தலைப்பில் இல்லை. அந்தத் தலைப்பில் இருந்தவை ஒலிபெருக்கியும் பாட்டுப் போடுபவரும். நாகசுரம் அலங்காரம் என்ற தலைப்பின் கீழ் இருந்தது. வாழை மரம், மாவிலைத் தோரணம், நுழைவாயில் கோலம், அதற்கு அடுத்த வரியில்: 'நாகசுரம், 5 பேர்'.

அந்த வரிக்கு 45,000 ரூபாய். முதலில் 50,000 போட்டிருந்தார்கள். 31 வரிகளில் நான் பேரம் பேசியது மூன்றில், அதில் இது ஒன்று. 5,000 குறைத்தேன். அது யார் கையிலிருந்து குறையும் என்று அப்போது யோசிக்கவில்லை. இந்த 45,000-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 8,100. ஆக எங்கள் கையிலிருந்து நாகசுரத்துக்காகப் போனது 53,100.

நிறுவனம் மேளத்துக்குப் பேசியிருந்தது 18,000. வித்துவானுக்கு 5,000, இரண்டாம் நாயனத்துக்கு 3,500, தவில்காரர்களுக்கு ஆளுக்கு 4,000, தாளத்துக்கு 1,500. கல்யாணம் முடிந்து கணக்குத் தீர்த்தபோது, மாலையில் இருபது நிமிடம் வாசிக்க வேண்டியவர்கள் முழுவதும் வாசிக்கவில்லை என்று 3,000 பிடித்துக்கொண்டு 15,000 கொடுத்தார்கள். நிறுத்தச் சொன்னவர்களே நிறுத்தியதற்கு அபராதம் போட்டார்கள். வித்துவான் மற்ற நால்வருக்கும் பேசிய தொகையை ஒரு ரூபாய் குறைக்காமல் கொடுத்துவிட்டார். குறைந்த 3,000-மும் அவருடைய பங்கில். இரண்டு நாளுக்கு அவருக்கு மிஞ்சியது 2,000. அதில் தவில்களை ஏற்றி வந்து திரும்பிய ஆட்டோவுக்கு 700. இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. பார்சல் கொடுக்கிற அந்தப் பையன் சொன்னான்.

மாலை மூன்றரையிலிருந்து மறுநாள் பதினொரு மணி வரை அவர்கள் எங்களுக்காக இருந்தார்கள். எங்கள் செலவில் அவர்களைச் சேர்ந்தது நூறு ரூபாய்க்கு 71 காசு. மணமக்கள் நுழையும்போது நான்கு நிமிடம் எழுந்த புகைக்கும் பொறிக்கும் 22,000.

எனக்கு உண்மையாகவே தூக்கம் போனது ஜிஎஸ்டி வரியைப் பார்த்தபோதுதான். நாட்டுப்புற, செவ்வியல் இசைக் கலைஞர்கள் நேரடியாக வாசித்துப் பெறும் ஊதியம் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் அதற்கு ஜிஎஸ்டி கிடையாது. தொழில் முறையில் இது எனக்கு நன்றாகத் தெரிந்த விதி. நானே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசியிருந்தால் வரியே வந்திருக்காது. நடுவில் ஒரு கையை வைத்ததால், வித்துவானும் தலைமைத் தவில்காரரும் சேர்ந்து வாங்கியதைவிட அதிகமான பணம் வரியாகப் போனது.

அவர் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். 3,000 ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை.

"தம்பி, இது என்ன கணக்கு?"

"நீங்கள் இழந்தது, அண்ணே."

"இனாம் என்றால் வேண்டாம். பாக்கி என்றால் வாங்கிக்கொள்கிறேன்."

பாக்கி என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுத்துக்கொண்டார்.

விலை எங்கே விழுந்தது

கலைக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று சொல்கிறவர்களோடு இனி என்னால் ஒத்துப்போக முடியாது. பணம் இருந்தது. 22,000 ரூபாய் புகையாகப் போனதை நானே எழுதியிருக்கிறேன். நிறுவனத்தின் மேற்பார்வையாளரிடம் பேசியபோது அவர் எதையும் மறைக்காமல் சொன்னார்: "பாட்டுக்கு ஒலிபெருக்கி இருக்கிறது சார். நாகசுரம் பாரம்பரியத் தோற்றத்துக்காக." அவர் சொன்னதை நான் பலநாள் யோசித்தேன். அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்டதைத்தான் கொடுத்தார். நாங்கள் ஐந்து பேரின் தோற்றத்தையும் ஒரு நிமிடச் சத்தத்தையும் வாங்கினோம். சங்கீதத்தை யாரும் கேட்கவே இல்லை.

விலை விழுந்தது அங்கேதான். சங்கீதத்துக்கு மாற்று கிடையாது, சத்தத்துக்கு இருக்கிறது. ஒரு கலைஞனிடம் சத்தத்தை மட்டும் எதிர்பார்க்கத் தொடங்கினால், அவனுக்குப் போட்டியாக உடனே ஓர் இயந்திரம் வந்து நிற்கும். விலையில் இயந்திரத்தை யாரும் வெல்ல முடியாது. கோயில்களில் இது எப்போதோ நடந்துவிட்டது. மோட்டாரில் ஓடும் முரசும் மணியும் சேர்ந்த பெட்டி ஒன்று இன்று எத்தனையோ கோயில்களில் மண்டபச் சுவரை ஒட்டி நிற்கிறது. பூசையின்போது சுவிட்சைப் போடுகிறார்கள், டமடமவென்று அடித்துத் தீர்க்கிறது. வித்துவான் பதினோரு ஆண்டுகள் மாதச் சம்பளத்துக்கு வாசித்த கோயிலிலும் அது வந்தது. காலையில் பூபாளமும் இரவில் பள்ளியறைக்கு நீலாம்பரியும் என்று பொழுதுக்கு ஒரு ராகம் வைத்திருந்த வழக்கம், எல்லாப் பொழுதுக்கும் ஒரே டமடம ஆகிவிட்டது. சாமிக்கு முன்னாலேயே சத்தம் போதும் என்று முடிவு செய்துவிட்டபின் கல்யாண வீட்டைக் குறை சொல்லி என்ன பயன்?

இன்னொரு பக்கமும் உண்டு, அது பொருளாதாரம். வில்லியம் போமல், வில்லியம் போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1966-இல் மேடைக் கலைகளின் வரவு செலவை ஆராய்ந்து ஒன்றைக் காட்டினார்கள். தொழிற்சாலையில் ஒரு மணி நேரத்தில் ஒரு தொழிலாளி செய்யும் பொருளின் அளவு காலத்தோடு கூடிக்கொண்டே போகிறது, அதனால் கூலியும் கூடுகிறது. நால்வர் சேர்ந்து வாசிக்க வேண்டிய ஓர் இசைக்கு அன்றும் நால்வர்தான், இன்றும் நால்வர்தான், நேரமும் அதேதான். மற்றத் தொழில்களின் கூலி ஏற ஏற, கலைஞனுக்கும் வாழ்க்கைச் செலவு ஏறுகிறது. அவனால் மட்டும் வேகமாக வாசித்து அதை ஈடுகட்ட முடியாது.

இதைப் பெங்களூரைவிடக் கூர்மையாக உணர்த்தும் ஊர் இந்தியாவில் இருக்குமா என்று தெரியவில்லை. மென்பொருள் எழுதுகிற ஒருவர் இன்று ஒரு நாளில் செய்வதை முன்பு பலர் சேர்ந்து செய்திருப்பார்கள். அவருடைய சம்பளத்தைப் பார்த்து ஏறிய வீட்டு வாடகையைத்தான் வித்துவானும் கொடுக்க வேண்டும். ஆனால் தோடி ராகத்தை விரித்து வாசிக்க, அதற்கே பெயர்போன நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் வேண்டியிருந்ததோ அவ்வளவு நேரம் இவருக்கும் வேண்டும். அதைச் சுருக்கினால் தோடி இல்லை.

விருப்பம் மாறிவிட்டது, சந்தை சொல்வதுதானே விலை என்று என் மருமகன் வாதாடினான். வாங்குகிறவனும் விற்கிறவனும் நேருக்கு நேர் பார்த்தால் அல்லவா அது சந்தை? எனக்கும் வித்துவானுக்கும் நடுவில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் அவர் வாழை மரத்துக்கு அடுத்த வரி. நான் என்ன வாங்குகிறேன் என்று எனக்குத் தெரியாது, எவ்வளவுக்கு விற்கப்படுகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

இந்த ஊருக்குக் காது இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சாமராஜப்பேட்டையில் ராமநவமிக் கச்சேரிகள் 1939 முதல் நடக்கின்றன, கோடை இரவுகளில் பந்தலில் இடம் பிடிக்க ஆட்கள் முன்கூட்டியே வருவார்கள். வயலின் வடிவத்திலேயே கட்டிய சௌடையா மண்டபம் இங்கே இருக்கிறது. ஆனால் நாகசுரத்துக்கு எந்த மேடையிலும் கிடைப்பது பெரும்பாலும் தொடக்கத்தில் மங்கல இசை என்ற இடம். கூட்டம் வந்து உட்கார்வதற்குள் அது முடிந்துவிடும்.

பழைய காலத்தைப் புகழ்ந்து இதை முடிக்கவும் என் மனம் இடம் தரவில்லை. அன்று தேர் நின்று நின்று போகும், விடிய விடிய ஒரே ராகத்தைக் கேட்க ஊர் கூடும், அதெல்லாம் உண்மை. ஆனால் அதே வித்துவான் தோளில் துண்டு போடக் கூடாது, இடுப்பில் கட்ட வேண்டும் என்று சொன்னதும் அந்தக் காலம்தான். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் நாகசுர வித்துவான் மதுரை சிவக்கொழுந்து வாசித்துக்கொண்டு வந்தபோது துண்டை எடுக்கச் சொன்னார்கள். சுயமரியாதை இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரிசாமி குறுக்கே நின்று, எடுக்காமல் வாசியுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. அன்று இசைக்கு மதிப்பு இருந்தது, வாசித்தவருக்கு இல்லை. இன்று வித்துவான் என்று வாயாரச் சொல்கிறோம், பட்டு அங்கவஸ்திரம் போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம், வாசிப்பை மட்டும் நிறுத்தச் சொல்லிவிடுகிறோம்.

அரசு உதவி பற்றியும் விசாரித்தேன். மூத்த கலைஞர்களுக்கு மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் மாதம் 6,000 ரூபாய் வரை தருகிறது. 60 வயது ஆகியிருக்க வேண்டும், ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. அதாவது மாதம் 6,000. அல்சூரில் வாடகை கொடுத்து உயிர் வாழ்கிற எவரும் அதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தே ஆக வேண்டும். வித்துவான் விண்ணப்பிக்கவில்லை.

தை மாதம்

எட்டு மாதம் கழித்து அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கணக்கு திரும்பவும் என்னிடம் வந்தது. அதே மாதிரியான பட்டியல், வேறு நிறுவனம், அதே வாழை மர வரி. நாகசுரத்தை அதிலிருந்து எடுத்துவிட்டேன். தட்டில் வெற்றிலை பாக்கும் அச்சாரப் பணமும் வைத்துக்கொண்டு அல்சூருக்குப் போனேன். 40,000 என்று அவரே சொன்னார், நான் பேரம் பேசவில்லை. வண்டி தனியாக எங்கள் பொறுப்பு. மாலை ஆறு முதல் ஆறே முக்கால் வரை ஒலிபெருக்கி எதுவும் இயங்காது. காலையில் மணவறை தெரியும் இடத்தில் உட்கார வேண்டும். பதிவு செய்த மேளம் கிடையாது. ஐவரும் முதல் பந்தியில் சாப்பிடுவார்கள். பழைய அழைப்பிதழ்களில் இருந்ததைப் போல, நாகசுரம், தவில் என்று ஐவர் பெயரும் அழைப்பிதழில் வரும். அண்ணன் இவ்வளவுக்கும் ஒத்துக்கொள்ள மூன்று நாள் ஆனது.

மாலையில் தோடி வாசிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் தட்டை வாங்கிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

"தம்பி, நாற்பது நிமிடம் உட்கார்ந்து ஆலாபனை செய்து பல வருடம் ஆகிறது. கெட்டிமேளத்துக்கும் ஊர்வலத்துக்கும் ஊதி ஊதி உதடு தடித்துவிட்டது. கேட்கிறவர்கள் இல்லாவிட்டால் உதடு மறந்துவிடும்."

நான் அதுவரை பணத்தை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். பணத்தைப் பாக்கி என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒன்பது ஆண்டுகள் குருகுலத்தில் இருந்து பெற்றது, யாரும் கேட்காததால் அவருடைய உதட்டிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. அது எந்த நோட்டிலும் வராது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு மாலையில் அவர் வீட்டுக்குப் போனபோது கதவு திறந்திருந்தது. சுவரில் சாய்ந்து, நாயனத்தை மடியில் குறுக்காக வைத்து, கண்ணை மூடியிருந்தார். உதட்டில் சீவாளி இல்லை. விரல்கள் மட்டும் துளைகளின் மேல் எழுந்து விழுந்துகொண்டிருந்தன. சத்தம் வந்தால் வீட்டுக்காரர் ஆட்சேபிப்பார், மேல் மாடியில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் மனைவி மெல்லிய குரலில் சொன்னார். மூச்சு கொடுத்துப் பழக, விடியற்காலையில் ஒரு நண்பரின் அச்சகக் கிடங்குக்குப் போகிறார். ஒரு மணி நேரம் நின்று அந்த விரல்களைப் பார்த்தேன். இரண்டு இடத்தில் விரல் தயங்கியது. தலையை அசைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

கல்யாணத்தன்று மாலை மண்டபத்தில் நானூறு பேர் இருந்திருப்பார்கள். உட்கார்ந்து கேட்டவர்களை எண்ணினேன், இருபத்தேழு பேர். மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், நாயனத்தின் ஒலி அவர்கள் பேச்சைக் கொஞ்சம் உயர்த்தியது, அவ்வளவுதான். இதை வெற்றி என்று எழுத எனக்குத் துணிவில்லை. ஆனால் அந்த இருபத்தேழு பேரில் எதிர்வீட்டுக் கன்னடப் பெரியவர் ஒருவர் இருந்தார். தோடி முடிந்ததும் நாற்காலியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டு, புரந்தரதாசர் கீர்த்தனை ஒன்றைக் கேட்டார். வித்துவான் மறுபேச்சில்லாமல் எடுத்தார். பெரியவர் தொடையில் தாளம் போட, பார்சல் பையன் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தவிலில் பதில் சொன்னான். காலையில் மணமகன் கை கழுத்துக்குப் போன நொடியில் கெட்டிமேளம் எழுந்தது. ஒரே மேளமாக எழுந்தது. அம்மா அட்சதையை முழுக் கையால் வீசினார்.

ஒளிப்பதிவாளரிடம் ஒன்று மட்டும் கேட்டிருந்தேன். வித்துவான் வருகிற இடத்தில் அவர் வாசித்த ஒலியையே விட வேண்டும். பார்க்கிறவர்கள் அந்த இடத்தில் தள்ளிவிடுவார்கள் என்று தயங்கினார், பிறகு ஒத்துக்கொண்டார். ஐம்பது நொடி விட்டிருந்தார். பின்னணியில் ஒரு குழந்தை அழுகிறது, யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள், நடுவில் தோடி.

கைபேசியில் அதை அவருக்குக் காட்டினேன். மூன்று முறை பார்த்தார். முதல் இரண்டு முறை ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது முறை படத்தைப் பார்க்காமல் கைபேசியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார். ஓரிடத்தில் நெற்றி சுருங்கியது.

"இந்த நிஷாதம் ஒரு நூல் இறங்கிவிட்டது தம்பி," என்றார். "பங்குனியில் யார் வீட்டிலாவது தேதி இருந்தால் சொல்லுங்கள். அதற்குள் சரி செய்துவிடுகிறேன்."